ஒண்ணும் கொண்டு வராதீங்கப்பா

பவி,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நீ சிரிப்பாய் என்று தெரியும். ஃபோனில் நாலு வரி தட்டிவிட்டால் முடிகிற விஷயத்துக்கு அப்பா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிப்பாய். சிரித்துக்கொள். ஃபோனில் தட்டினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, இதை எடுங்கள், அதைச் சேருங்கள் என்று என்னைப் பாடாய்ப் படுத்துவாள். தாள் என்றால் அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் நான் எழுதி மடித்துவிடுவேன். அதுவும் இல்லாமல், பேசத் தொடங்கினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிவிடுவேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் நெய் பிஸ்கட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் உன் தலைதீபாவளிக்குத்தான். கல்யாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் தீபாவளிக்குப் பெண் வீட்டுக்கு வருவதுதானே முறை. ஜாசினில் நம் தாமான் முழுக்க, ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தேன். நீ சொன்னாய்: "அப்பா, அவருக்கு சிங்கப்பூர்ல அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. மறுநாள் விடியக்காலையிலயே பார்டர் தாண்டி வேலைக்குப் போவணும். ஜாசின் வந்துட்டுத் திரும்புறது கஷ்டம்பா. நீங்களும் அம்மாவும் இங்க ஜொகூருக்கு வந்துருங்களேன்." அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை சொல்வது நியாயம்தான் என்று தலையைக்கூட ஆட்டினேன். அதற்கப்புறம்தான் சொன்னாய்: "ஆனா ஒண்ணும் கொண்டு வராதீங்கப்பா. பிஸ்கட்டு, கேக்கு, சமையல் எல்லாம் நானே செய்யப் போறேன்." நான் "முறுக்கு கூடவா?" என்று கேட்டேன். நீ, "முறுக்கு கூடத்தான். வெறுங்கையோட வாங்க லா" என்றாய். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேனே, அடுப்பில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் போய் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. கோபம் அடங்கினதும் பயம் வந்தது. பெண்ணுக்கு நம் கைப்பலகாரம் வேண்டாம் என்றால் அப்பா என்று ஒருத்தன் எதற்கு என்று தோன்றிவிட்டது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சலித்த மாவு அப்படியே கிடந்தது. உன் அம்மா கடையில் ரொட்டி வாங்கி வந்து என் கண் முன்னால் பிரித்துச் சாப்பிட்டாள். என்னைக் குத்திக்காட்ட அவளுக்கு வாயே தேவையில்லை.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே நம் வீட்டு அடுப்படியில் நின்றது நான்தான். உன் அம்மாவுக்கு மலாக்காவில் கிளினிக் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். எனக்கு ஸ்கூல் பஸ். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் மத்தியானம் மணி அடிக்கும்வரை நான் சும்மா. மற்ற டிரைவர்கள் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தபடி அரசியல் பேசுவார்கள். அரசியல் பேசினால் எனக்கு இரத்தம் கொதிக்கும், வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்குவது உடம்புக்கு நல்லது என்று கண்டுகொண்டேன். கத்தரிக்காயில் தொடங்கியது கேக்கில் போய் நின்றது. அதிலும் முட்டை இல்லாத கேக். இதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை, காலண்டர் செய்த வேலை. தீபாவளி ஐப்பசியில் வருகிறது, அதற்கான பலகாரத்தைப் புரட்டாசியில் சுட வேண்டியிருக்கிறது, புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீட்டு வாசற்படியை முட்டைகூடத் தாண்டாது. அப்புறம் என்ன செய்வது? தயிரும் டின்பாலும் ஊற்றிப் பழகினேன். முதல் வருஷம் செய்த கேக்கை உன் அம்மா தயிர்சாதம் என்றாள். அதற்கடுத்த வருஷம் செய்ததைக் கேக் என்று ஒத்துக்கொண்டாள், ஆனால் ஊறுகாய் கேட்டாள்.

தீபாவளி அன்றைக்கும் நம் வீட்டில் சைவம்தான் என்பதில் மாப்பிள்ளைக்கு ஆரம்பத்தில் பெரிய வருத்தம். ஊரே ஆட்டுக்கறி மணக்கும் நாளில் மாமனார் வீட்டில் பருப்பா என்று உன்னிடம் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. நம் வீட்டுக் கதவு அன்றைக்கு எல்லாருக்கும் திறந்திருக்கும். இடப்பக்கத்து மலாய்க்கார வீட்டு மாக்சிக் ரோக்கியா, இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதா என்று யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வலப்பக்கத்துச் சீனர் வீட்டு ஆ சோ மாட்டிறைச்சி தொடமாட்டார், பாதி நாள் சைவம் வேறு. சைவம் என்றால் யாரும் எதுவும் கேட்காமல் தட்டை நீட்டலாம், அவ்வளவுதான் காரணம். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்தபோது ஆ சோ வாங்கிக் கொடுத்த சோயா இறைச்சியில் நான் பிரட்டல் வைத்தேனே, மறந்திருக்க மாட்டாய். அவர் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டு, "மாமா, எலும்பையெல்லாம் எடுத்துட்டீங்களா, சாப்பிட ஈஸியா இருக்கு" என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாய். இவரை நம் வீட்டு ஆள் ஆக்கிவிடலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

நம் வீட்டில் வருஷம் எப்படிப் போகும் என்று நான் காலண்டரைப் பார்த்ததே இல்லை. கைக்கு எந்த டப்பா வருகிறது என்று பார்த்தால் போதும். பொங்கலுக்குக் குலா மலாக்கா வெல்லம் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கிண்டி இரண்டு பக்கமும் கொடுப்போம். சீனப் புத்தாண்டு வந்தால் ஆ சோ அதே டப்பாவில் ஆரஞ்சும், முதல் நாள் சைவத்துக்குச் சமைத்த காளான் பிரட்டலும் வைத்துத் திருப்புவார். நோன்புப் பெருநாளுக்கு மாக்சிக்கின் அன்னாசி தார்ட் வரும். டுரியான் காலத்தில் பழத்தைச் சுளையாகவே அடைத்து அனுப்புவார்கள், மூடியைத் திறக்காமலே வாசனையில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நவராத்திரியில் நாம் சுண்டல் கொடுக்கிற நாளும், ஆ சோ கோயிலில் மஞ்சள் கொடி ஏற்றிச் சைவம் இருக்கிற நாளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். சுண்டல் போன டப்பாவில் அவர் பொரித்த மீகூன் சேமியா வரும். கொடுத்த டப்பாவை யாரும் காலியாகத் திருப்பியதில்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். இது யார் போட்ட சட்டம் என்று தெரியாது, மூன்று வீட்டிலும் மூன்று பாஷையில் ஒரே சட்டம்.

அதில் அந்த நீல டப்பா ஒன்று இருக்கிறது. மூடியில் யாரோ சூடான சட்டியை வைத்ததால் வட்டமாகக் கருகின அடையாளம் இருக்குமே, அதுதான். அது உண்மையில் யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாக்சிக் அதை நம் வீட்டு டப்பா என்பார், நாம் ஆ சோவுடையது என்போம், ஆ சோ கையை ஆட்டி இல்லை இல்லை என்பார். எத்தனையோ புது டப்பா வந்து மூடி தொலைந்து குப்பைக்குப் போய்விட்டது, இது மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த நீல டப்பாவில்தான் உன் முதல் கேக் வீட்டை விட்டுப் போனது. அப்போது உனக்கு ஒன்பது வயது இருக்கும். நான் பஸ்ஸில் இருந்தபோது நீயாகவே ஓவனை மூட்டி, சோடா மாவு போடுவதை மறந்து, ஒரு பலகை செய்து வைத்திருந்தாய். அந்த நேரம் பார்த்து மாக்சிக் வீட்டிலிருந்து வந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அம்மா ஃபோன் செய்திருக்கிறாள். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை, காலியாகக் கொடுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். வெட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டாய். நான் வந்து விஷயம் தெரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன், எப்படியாவது வாங்கிவிடலாம் என்று. மாக்சிக் வாசலில் உட்கார்ந்து அதைக் காப்பியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "செடாப்" என்றார், ருசியாக இருக்கிறதாம். பல் இருக்கிறவர்களுக்கே கஷ்டமான கேக் அது. ஆனால் டப்பா திரும்பி வந்தபோது கூடவே இன்னொன்று வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். நீ மறுபடி செய்தாய். அதனால் சொல்கிறேன், நன்றாக வந்தால்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்திருக்காதே. நான் அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஓடியிருந்தால் நீ இன்றைக்குக் கேக் செய்துகொண்டிருக்கமாட்டாய்.

புது வீட்டுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது சாம்பார் கதை. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கிற சமையலை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்த பிறகுதான் நமக்கு. அன்றைக்குக் குளிக்கப் போவதற்கு முன் உன் அம்மா உப்புப் போட்டாள். நான் வெளியிலிருந்து வந்து, இவள் அவசரத்தில் மறந்திருப்பாள் என்று உப்புப் போட்டேன். உப்பு ஜாடி திறந்து கிடப்பதைப் பார்த்த நீ, பாவம் அப்பாவும் அம்மாவும் மறந்துவிட்டார்கள் என்று ஒரு கரண்டி போட்டாய். மூன்று பேரும் பக்தியோடு கும்பிட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்தபோதே தெரிந்துவிட்டது, ஆனால் சாமிக்குப் படைத்ததைக் குறை சொல்லலாமா. நாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அம்மா மெதுவாக, "யாரு உப்புப் போட்டது?" என்று கேட்டாள். மூன்று கையும் மேலே போனது. நீ சிரித்துப் புரையேறி, அம்மா உன் தலையில் தட்டித் தட்டி அவளும் சிரித்து, அன்றைக்குப் பெருமாளுக்குத் தயிர்சாதம்தான் மறுபடி படைத்தோம். அதிலிருந்துதான் நம் வீட்டில் யார் உப்புப் போட்டாலும் "உப்புப் போட்டாச்சு" என்று வாசல்வரை கேட்கச் சத்தம் போடும் வழக்கம். நீயும் ஷிஃப்டு, அவரும் ஷிஃப்டு. ஒருத்தர் வரும்போது ஒருத்தர் போவீர்கள். மற்றவர் செய்திருப்பார், மறந்திருப்பார் என்று மனசுக்குள் கணக்குப் போடாதீர்கள். வாய் விட்டுச் சொல்லுங்கள். மாப்பிள்ளையையும் சத்தம் போடப் பழக்கு, அக்கம்பக்கத்தில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நானே இதைச் செய்யவில்லை என்று நீ சொல்லுவாய். மனத்தாங்கலை உன்னிடம் சொல்லாமல் வாழை மரத்திடம் போய் நின்றவன்தானே. அதனால்தான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை நீ பிஸ்கட் படம் அனுப்பினாய், முதல் முயற்சி என்று. அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மேலே வெடித்து, தேங்காய் மட்டை நிறத்தில் இருந்தது. என் கை தானாக ஃபோனுக்குப் போனது. உன் அம்மா ஃபோனை இழுத்துக்கொண்டு, "அவ கேட்டாளா? கேக்கலைல்ல. சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன். ஆனால் கடிதத்தில் எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. மாவை முதலில் வெறும் ஓவனில் வைத்து ஈரம் போகக் காய வை, முழுக்க ஆறவிட்டுச் சலி. நெய் உருகியிருக்க வேண்டும், சுடக் கூடாது. பிசையும்போது தண்ணீர்ப் பக்கமே போகாதே, உருண்டை பிடிக்க வரும்வரை நெய்யையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. உன் வாடகை வீட்டு ஓவன் சின்னது, சூடு அதிகம் பிடிக்கும், அதனால் நம் வீட்டை விடக் குறைவான சூட்டில் வை. இன்னும் வேகவில்லை என்று உனக்குத் தோன்றும்போதே எடுத்துவிடு. வெளியில் வந்து தட்டிலேயே ஆறும்போதுதான் அது இறுகும். சுட்டவுடன் தொட்டுப் பார்த்து அவசரப்பட்டால் உடைந்து போகும். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். தார்ட்டுக்கு மேலே முட்டைக்குப் பதில் பால் தடவு. இது கடைசி.

நேற்று மாக்சிக் அந்த நீல டப்பாவில் ஒண்டே ஒண்டே என்கிற தேங்காய்ப்பூ உருண்டை கொண்டு வந்தார். நாம் புரட்டாசி இருப்பது அவருக்கு மறக்கவே மறக்காது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் கொடுத்த காய்கறிக் குழம்பில் காய்ந்த இறால் கிடந்ததை நீ கையில் எடுத்துக் காட்டி, "மாக்சிக், இது நீந்தும்" என்றாயே, அதிலிருந்து நமக்கென்று தனிச் சட்டி வாங்கி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சுடா புவாசா கே?" என்று விரதம் தொடங்கியாச்சா எனக் கேட்டுவிடுவார். நீ எப்போது வருகிறாய் என்று கேட்டார். வரவில்லை, நாங்கள்தான் போகிறோம், ஒன்றும் கொண்டு வரக் கூடாதாம் என்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "பவி வீட்டுலயும் அடுப்பு எரியுது, நல்லதுதானே தம்பி" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒண்டே ஒண்டேயைத் தின்று முடித்து டப்பாவைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருப்பிக் கொடுக்க வீட்டில் ஒரு பலகாரமும் இல்லை. நான்தான் கோபித்துக்கொண்டு ஒன்றும் சுடவில்லையே. சீனி டப்பாவை எடுக்கப் போனேன். அப்போதுதான் அம்மா, "அவ ஒண்ணும் கொண்டு வராதீங்கன்னுதானே சொன்னா. அந்த டப்பாவைக் காலியா தூக்கிட்டுப் போங்களேன், ஒண்ணும் கொண்டு போகலைன்னு ஆயிடும்" என்றாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் டப்பாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஐயோ, நெசமாவே செய்யப் போறீங்களா?" என்றாள்.

நிஜமாகவே செய்யப் போகிறேன். மாக்சிக்கிடம் போய்ச் சொல்லிவிட்டேன், டப்பா வரக் கொஞ்சம் நாளாகும், ஜொகூர் சுற்றி வரும் என்று. தன்னுடையது இல்லை, தாராளமாகக் கொண்டு போ என்றார். ஆ சோவிடம் கேட்டேன், அவரும் கையை ஆட்டினார். சலித்து வைத்த மாவிலும் இன்றைக்குக் கையை வைத்துவிட்டேன், முதல் தட்டு ஓவனுக்குள் இருக்கிறது. நீ பயப்படாதே, அதெல்லாம் நம் தாமானுக்கு. ஒரு போத்தல் பிஸ்கட்கூடக் காரில் ஏறாது. துணிமணி கொண்டு வருவோம், அதற்கு நீ வாயைத் திறக்கக் கூடாது, தலைதீபாவளிக்குப் பெற்றவர்கள் செய்ய வேண்டியது அது.

உன் வீட்டு வாசலில் நின்று அந்தக் காலி டப்பாவை உன் கையில் கொடுப்பேன். வாழ்க்கையில் நான் ஒருத்தர் வீட்டுக்குக் காலி டப்பா கொண்டு போவது இதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அதை நீ கண்டுகொள்ளாதே. வாங்கப்பா என்று சொல்லி உள்ளே கொண்டு வைத்துவிடு. நீ சமைத்ததை நான் வாய் பேசாமல் சாப்பிடுவேன், உப்புப் போட்டது யார் என்றுகூடக் கேட்கமாட்டேன். கிளம்பும்போது அந்த டப்பாவை நிரப்பிக் கொடு. பிஸ்கட் உடைந்திருந்தாலும் சரி, கருகியிருந்தாலும் சரி. ஜாசினில் வந்து இறங்கியதும் நேராக மாக்சிக் வீட்டுக்குப் போவேன். இது யார் செய்தது என்று கேட்பார். இத்தனை வருஷமாக நீ சுட்டதைப் பற்றி எல்லாரும் கேட்கும்போது என் மகள் செய்தது, என் மகள் செய்தது என்று சொல்லித்தானே பழக்கம். இந்தத் தடவை பவி வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லப் போகிறேன். சொல்லிப் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

டப்பாவைத் துடைத்துக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு, இப்பவே எதுக்கு லா?" என்றாள். கிடக்கட்டும். பெல்ட்கூடப் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா